மருந்தில்லாத கீரை

போன மாதம் இதே பத்தியில் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன். உருத்திரபுரத்தில் எங்கள் வளவில் விளையும் கீரைக்கு மருந்தடிப்பதே இல்லை, வெறும் கோழி எருதான் என்று. எத்தனை பேர் போன் எடுத்துப் பாராட்டினீர்கள்! எனக்குத் தலைகால் தெரியவில்லை.

போன சனிக்கிழமை வழக்கம்போல எரு எடுக்கச் செல்வத்தின் கோழிப்பண்ணைக்குப் போனேன். அவன் தண்ணீர் டாங்கியில் ஏதோ மஞ்சள் பவுடரைக் கரைத்துக்கொண்டு நின்றான். கோழிக்கு நோய், வருத்தம் ஏதுமோ என்று கேட்டேன்.

"இல்லையண்ணை. வருத்தம் வர முதலே குடுத்திடுவன். அன்டிபயோட்டிக்."

அதில் எவ்வளவு எருவோடு போகும் என்று கேட்டதற்குச் சிரித்தான்.

"கனக்கப் போகும். உங்கட கீரைக்கும் சேர்த்துத்தான் மருந்து குடுக்கிறன்."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு... மூன்று மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். வெட்கக்கேடு!

வீட்டுக்கு வந்து போனில் தேடி வாசித்தேன். எருவோடு வரும் மருந்து மண்ணில் தங்குமாம். கீரையிலும் கொஞ்சம் ஏறலாமாம். மண்ணில் இருக்கும் கிருமிகள் அதற்குப் பழகிப்போனால், நாளைக்கு மனிதருக்கு அதே மருந்து கேட்காமல் போகலாமாம். பூச்சிக்கு அடிக்கும் நஞ்சையும் நாங்கள் மருந்து என்கிறோம்; காய்ச்சலுக்குக் குடிப்பதையும் மருந்து என்கிறோம். நான் ஒன்றை மட்டும் பார்த்து மார்தட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலை பின்வீட்டு ரஞ்சி அக்கா கீரைக்கு வந்தார். அவருடைய கணவருக்குச் சலரோகம் என்கிற நீரிழிவு, காலில் ஆறாத புண். புண் ஆறக் குடிக்கும் குளிசையை மறுபடியும் மாற்றிவிட்டார்களாம்.

"கிருமி மருந்துக்குப் பழகிட்டுதாம், தம்பி. காலை எடுக்க வேண்டி வருமோ எண்டு பயமாக் கிடக்கு. உங்கட கீரை எண்டாத்தான் நம்பிக் குடுக்கலாம்."

என் கீரையால்தான் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும் — அவ்வளவுதானே? பத்தி பத்தியாகப் பீற்றத் தெரிந்த நான், இரண்டு பிடி கூடவே வைத்துக் கட்டிக் கொடுத்தேன். அவர் போனபின் என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

ரஞ்சி அக்கா ஒவ்வொரு கிழமையும் இந்தப் பத்தியைக் கணவருக்கு வாசித்துக் காட்டுகிறவர். நேரில் சொல்லத் துணிவில்லாதவன், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா, அடுப்பில கீரை இருந்தால் இறக்கி வைச்சிடுங்கோ.