கிடார் பெட்டியில் வாசித்த பேஸ்

உத்திரமேரூர்ப் பக்கம் கல்யாண வரவேற்புக்குப் பாட்டுக் கச்சேரி வைத்தால், மேடை நிறைய ஆள் நிற்க வேண்டும். பாட்டு எப்படிப் போனாலும் சரி, ஆள் குறைந்தால் மாப்பிள்ளை வீட்டாருக்கு முகம் சுருங்கிவிடும். எங்கள் குழுவில் நான் அடிநாதம் கொடுக்கிற பேஸ் கிடார். பகலெல்லாம் ரைஸ் மில்லில் தூசி தின்கிற எனக்கு, மனுஷனாக இருப்பதே அந்த நான்கு கம்பிகளைத் தொடும்போதுதான்.

அன்றைக்கு வண்டியில் இடமில்லை என்று என் பேஸ் ஆம்ப்ளிஃபயரை இறக்கிவிட்டார் குழுத் தலைவர். அந்த இடத்தில் எது ஏறியது தெரியுமா? புகை விடுகிற மெஷின்!

"கிடாருக்குன்னு ஒரு ஸ்பீக்கர் பெட்டி கீதே, அதுல சொருகிக்கினு வாசி. கிடார்காரன்தான் இன்னிக்கு வரலியே."

"அண்ணே, அது சின்ன ஸ்பீக்கர். பேஸ் தாங்காது, கிழிஞ்சிடும். சவுண்டு மிக்ஸர்ல ஒரு லைன் குடுங்கண்ணே."

"மைக்குக்கே லைன் பத்தல. சத்தம்தானே, எதுல வந்தா இன்னா?"

சத்தம்தானாம்! என்ன சொல்லிப் புரியவைப்பது?

வால்யூமைக் குறைத்து, விரலை மெத்தென்று வைத்து நாலைந்து பாட்டை ஓட்டினேன். குத்துப்பாட்டு வந்தது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள், "பேஸ் பத்தல, ஏத்துண்ணே!" என்று கத்தினார்கள். தலைவரே பின்னால் வந்து குமிழை முழுக்கத் திருகினார். பெட்டி ஒரு தரம் உறுமியது, கரகரத்தது, அடங்கிவிட்டது.

"இன்னாய்யா, இப்படிப் பண்ணிட்டு நிக்கிற?" என்றார் என்னிடம், எல்லோர் முன்னாலும். திருகியது அவர் கை. கீழே இறங்கப் போனேன்.

"எங்க போற? மேடை காலியாத் தெரியும். சும்மா விரல ஆட்டிக்கினு நில்லு. பேஸை கீபோர்டுல போட்டுக்கலாம்."

ஆட்டினேன். குழுவை விட்டால் எனக்குப் போக்கிடம் ஏது? கடைசிப் பாட்டுவரை, ஊமைக் கிடாரை மாட்டிக்கொண்டு தாளத்துக்குத் தலையையும் ஆட்டினேன். முடிந்ததும் பெண்ணின் அப்பா மேடையேறி எனக்கும் ஒரு சால்வை போட்டார். "கடைசியில பேஸ் சூப்பர்ப்பா" என்றார். கும்பிடு போட்டேன்.

என்னைக் கழற்றிவிடுவார் என்றுதான் வாரமெல்லாம் பயந்துகொண்டிருந்தேன். தலைவர் போன் செய்தார். வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணம், வந்துவிடு என்றார். எனக்கு உயிர் வந்தது.

"இந்தத் தடவ என் ஆம்ப்பத் தூக்கினு வரட்டுமாண்ணே?"

"அதெல்லாம் வேணாம். வயர்கூட வேணாம். நல்ல சட்டையா ஒண்ணு போட்டுக்கினு வா."