அக்கரைப் பொறுப்பு

மாற்றல் உத்தரவு வந்த அன்று அலுவலகத்தில் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். எங்கள் அதிகாரி மட்டும் கையெழுத்தைப் போட்டு என்னிடம் நீட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சாயங்காலம் பிள்ளைய யாரு பாத்துக்கிடுவா?" என்று கேட்டார். அங்கே நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அவர் என்னிடம் கேட்ட முதல் சொந்தக் கேள்வி அது. எனக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது.

சுசீந்திரம் பக்கத்தில் தோட்டக்கலைத் துறையின் சின்ன அலுவலகம் எங்களுடையது. அவர் மேற்கே விளவங்கோட்டுப் பக்கத்துக்காரர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. நான் நேர் எதிர். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைத்துவிடுவேன். கொஞ்ச நாள் முன்னால்தான் வாழை விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து நின்று, "சார், நீங்க சொல்லுதது தப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தேன். அவர் கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் கறுவுகிறார் என்று நினைத்தேன். இதோ, பேச்சிப்பாறைக்கு மாற்றல் வந்துவிட்டது. வேறு யார் வேலையாக இருக்கும்?

சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பேச்சிப்பாறை அழகுதான். அங்கே எங்கள் ஆட்களுக்கு, அணையின் அக்கரையில் இருக்கும் மலைக் குடியிருப்புகளுக்குப் படகில் போய் நல்லமிளகுக் கொடிகளைப் பார்க்கிற வேலையும் உண்டு. சாயங்காலப் படகை விட்டால் ராத்திரி அங்கேதான். என் வீட்டுக்காரர் குவைத்தில். மகள் சின்னவள், அவளுக்கு மூச்சிழுப்பு. மழை வந்தால் அவள் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்கச் சகிக்காது. அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அக்கரையில் நான் உட்கார்ந்திருக்க முடியுமா? படகு வேலை என்றால் அன்றைக்கே வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். எத்தனையோ தடவை பரீட்சை எழுதித் தோற்று வாங்கிய வேலை அது. 

அதன்பிறகு அதிகாரியின் போக்கே சரியில்லை. "பிள்ளைக்கு தீனம், இந்த மூச்சுமுட்டு, எப்பவும் உண்டா, மழைக்கு மட்டுமா?" என்றார் ஒருநாள். இன்னொரு நாள் மருந்தின் பெயரைக் கேட்டார். இவருக்கு எதற்கு இந்த விசாரணை? மகளுக்கு முடியவில்லை என்று நான் லீவு போட்டதெல்லாம் பொய் என்று நிரூபிக்கப் பார்க்கிறாரோ? மொட்டையாகப் பதில் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அலுவலக உதவியாளர் அக்கா வேறு வந்து காதைக் கடித்தார். "மக்கா, சாரு சனிக்கிழம பேச்சிப்பாறைக்குப் போயிருக்காரு. எங்க வீட்டுக்காரரு கண்டிருக்காரு. ஒன் விஷயமாத்தான் இருக்கும், பாத்துக்கோ." 

கடைசி வாரத்தில் என் காதாலேயே கேட்டேன். கோப்பு வைக்கப் போனபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆளு மிடுக்கியாக்கும். நீங்க சூச்சிச்சுப் பாக்கணும், கேட்டியளா?"

மிடுக்கி! எங்கள் பக்கத்தில் மிடுக்கு என்றால் திமிர், சூச்சிக்கிறது என்றால் ஜாக்கிரதையாக இருப்பது. திமிர் பிடித்தவள் வருகிறாள், ஜாக்கிரதையாக இருங்கள் என்று நான் போய்ச் சேரும் முன்பே அங்கே ஓதி வைக்கிறார். சரியான ஊமைக்குசும்பு! கோப்பை மேஜையில் தொப்பென்று போட்டேன். திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கிளம்பிய அன்று எல்லோரிடமும் "வாறேன்" என்று சொன்னேன். அவர் அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பேச்சிப்பாறையில் அதிகாரி ஒரு அம்மா, குலசேகரத்துக்காரர். என்னைப் பார்த்ததும், "வா மக்களே, நீதான் அந்த மிடுக்கியா?" என்று சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எங்கிட்ட என்ன மிடுக்கக் கண்டிய மேடம்? இப்பத்தானே உள்ள வந்திருக்கேன்?"

 அந்த அம்மா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அட பாவமே, எங்க பக்கம் மிடுக்கின்னா கெட்டிக்காரியாக்கும்! தப்புன்னா மொகத்துக்கு நேர சொல்லுவா, அப்படிப்பட்ட ஆளு கிட்டாது, சூச்சிச்சு, பத்திரமா பாத்துக்கிடுங்கன்னுல்லா அவரு சொன்னாரு."

நான் லேசில் நம்புகிற ஆள் இல்லை. எல்லாம் சர்க்கரைப் பேச்சு, படகு விஷயத்தில் வண்டவாளம் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

"வள்ளத்துல நான் எப்ப போணும் மேடம்?"

"நீ போவண்டாம்."

"பின்ன யாரு போவா?"

"ஒன் பழைய சாருதான். மாத்தல் மேலெடத்து உத்தரவு, அதுல அவருக்குப் பங்கில்ல. அக்கரைய எனக்குக் கூடுதல் பொறுப்பா தாங்கன்னு மேல கேட்டு வாங்கிட்டாரு. ரிட்டயர் ஆவப்போற நேரம், முட்டுவலி வேற. வேண்டாம்னு நானும் சொல்லிப் பாத்தேன். அந்த மனுஷன் கேட்டாத்தானே!"

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், குடித்தேன்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்கு நடக்கும்போது படகுத்துறையில் அவரைப் பார்த்தேன். தூறிக்கொண்டிருந்தது. பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, படகுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மெல்ல நீட்டித் தரையைத் துழாவிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கை கொடுத்தேன். வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினார். 

"சார், நான் உங்கள..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மலைப் பக்கம் வானத்தைப் பார்த்தார். "மழ கூடும். பிள்ளைக்கு மூச்சு முட்டும். இங்க நின்னு பேசாம வீட்டுக்குப் போங்க" என்றார்.

போனேன். விளக்கு வைக்கிற நேரத்தில் மகளுக்கு இழுப்பு வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.