ஸ்பீக்கரில் வந்த போலீஸ்

ஏனாத்தூர் கல்லூரி கேன்டீனில் தோசை வார்க்கும் அம்மா அவர். ஷேர் ஆட்டோவில் என் எதிரே அமர்வார். போனைத் தட்டுபோல் உள்ளங்கையில் ஏந்தி, எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

அன்று ஓர் அதட்டல் குரல் வந்தது. "போலீஸ் பேசுறோம். உன் பையனைப் பிடிச்சு வெச்சிருக்கோம். விடணும்னா உடனே பணம் அனுப்பு. யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

அவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். "ஆட்டோவே கேட்டுக்கினு இருக்குதே, சார்!"

டிரைவர் திரும்பினார். "எந்த ஸ்டேஷன் சார்? வண்டிய நேரா அங்கியே விடறேன்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

"பணம் அனுப்பாதம்மா. மொதல்ல புள்ளைக்குப் போடு" என்றார் பக்கத்திலிருந்த பெண். போட்டார். அதுவும் ஸ்பீக்கரில்தான்.

"தூங்கிக்கினு இருந்தேன்மா. இன்னா?"

"உன்னப் போலீஸ் புட்ச்சிக்கினு போயிட்டாங்களாமேடா!"

"யாரும்மா சொன்னா?"

"போலீஸே சொன்னாருப்பா!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் சிரித்தவர் அவர்தான். அந்தச் சிரிப்பில் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.