கொலுவுக்கு வந்தவள்

புனேவுக்கு வெளியே ஒரு சிற்றூர் நகராட்சியில் அப்பா இன்ஜினியர். அனுமதி இல்லாமல் கட்டியதை இடிப்பது அவர் வேலை. ஊரில் அவருக்குப் பெயரே 'அதிக்ரமண்வாலே சாஹேப்', அதாவது ஆக்கிரமிப்பு அதிகாரி. மளிகைக்கடைக்குப் போனால் கூட்டம் தானாக விலகும். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அம்மாதான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்குப் பக்கத்து ஊரான நிக்டியில் பள்ளிக்கூடம், பஸ்ஸில் போய் வருவேன். ஊரிலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் கொலு. அம்மா குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அழைக்கப் போவாள். யாரை அழைப்பது, யாரை விடுவது என்ற யோசனையே கிடையாது. வாசலில் ஒரு பெண் நின்றால் போதும், குங்குமம் கொடுத்து, பாதி இந்தி பாதி மராத்தியில் அழைத்துவிடுவாள். அந்த வருடம் அப்படித்தான், நெடுஞ்சாலை ஓரம் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தவரின் மனைவியையும் அழைத்துவிட்டாள். அந்தக் கட்டடத்தில் மேல் இரண்டு மாடிக்கு அனுமதி இல்லை. இடிக்க நோட்டீஸ் கொடுத்தவர் அப்பா.

அந்தப் பெண் நவராத்திரி முழுக்க வந்தாள். சுண்டலை ரசித்துச் சாப்பிட்டாள். அம்மாவை 'வஹினி' என்று, நாம் அண்ணி என்பதுபோல, உரிமையோடு கூப்பிட்டாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா எப்போது ஸ்கூட்டரை எடுப்பார், நான் எந்த பஸ்ஸில் வருவேன், எந்தச் சந்து வழியாக நடப்பேன், எல்லாவற்றையும் ஒப்பித்தாள். என்னைப் பற்றிய பேச்சு வரும்போது மட்டும் அந்தப் பெண் என் பக்கம் திரும்பமாட்டாள். அவள் போனதும் அம்மாவிடம் கேட்டேன்.

"எதுக்கும்மா அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்ற?"

"போடி. கொலுவுக்கு வந்தவங்ககிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கவா?"

அதற்கப்புறம் பஸ் நிறுத்தத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்க ஆரம்பித்தது. நான் இறங்கியதும் கிளம்பும். எனக்கு முன்னால் மெல்லப் போய், எங்கள் தெருமுனையில் நிற்கும். ஓட்டியவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா. என்ன பார்த்தாரோ, வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

இடிப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, தாழ்ந்த குரலில் மராத்தியில் சொன்னாள்.

"வஹினி, நாளைக்குப் பொண்ண வெளிய அனுப்பாதீங்க. உங்க வீட்டுல சாப்பிட்டிருக்கேன், அதான் சொல்றேன்."

மிரட்டினாளா, காப்பாற்ற வந்தாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. புருஷன் அனுப்பி வந்தாளோ, அவனுக்குத் தெரியாமல் வந்தாளோ. கண் கலங்கியிருந்தது என்னவோ நிஜம். பழக்க தோஷத்தில் அம்மா குங்குமத்தை நீட்டினாள். அவளும் நெற்றியில் வைத்துக்கொண்டுதான் போனாள்.

அப்பா வந்ததும் அம்மா அழுதுகொண்டே சொன்னாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மந்திரி வீட்டுச் சுவர் என்றாலும் இடிக்கிற நாளில் லீவு போட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மனிதர். போலீஸ் பாதுகாப்பு கேட்டாயிற்று, புல்டோசரும் வந்துவிட்டது. எனக்குப் பயமில்லை, நீங்கள் போங்கள் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா என்னைக் கூப்பிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாளைக்கு நீ ஸ்கூலுக்குப் போம்மா. நான் போகல."