முன்னால் ஒரு நம்பர், பின்னால் ஒரு நம்பர்

என் வேனுக்கு நம்பர் கிடைத்த அன்று நான் மத்தியானச் சோறு தின்னவில்லை. சந்தோஷத்தில் பசியே எடுக்கவில்லை. எங்கள் சங்கரன்கோவிலுக்கே உரிய எழுபத்தொன்பதில் தொடங்கும் நம்பர். வாடகை வண்டி என்பதால் மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து. வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு எதிர் வீட்டு வாசலில் போய் நின்று பார்த்தேன். தெருமுனைக்குப் போய் நின்றும் பார்த்தேன். அங்கிருந்தும் வாசிக்க முடிந்தது. கடைசி எண் மூன்று. கூட்டு எண், ராசி எண்ணில் எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எட்டு இல்லையே என்று ஒரு நிம்மதி.

ஆர்.சி. புக் என் பேரில் இருந்தது. புக் என்று சொல்கிறோமே தவிர, கையில் கொடுப்பது ஓர் அட்டைதான். வரியையும் கெடு வரும்வரை காத்திராமல் கட்டிவிட்டேன். அந்த ரசீதைச் செல்போனில் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். "நம்ம கல்யாணப் பத்திரிகையக்கூட நீ இப்படிப் பாக்கலையே" என்றார் என் கணவர். அவர் விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்திலேயே இருந்து மெதுவாகப் பேச மறந்துபோன மனிதர். அந்தக் கேலி தெரு முழுக்கக் கேட்டது.

அத்தைக்கு மட்டும், அதாவது என் மாமியாருக்கு, வேன் வந்தது பிடிக்கவில்லை. நான் தறிவேலையை விட்டுவிட்டு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். முதல் வாடகை பேசி முடிந்த அன்று வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "மொத வாடகைக்கு ஒழுங்கா போயிட்டு வந்தா சரி. நடுவுல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னு வையி, வண்டிய வித்துட்டு பழையபடி தறிக்கு வந்துரு. முதல் கோணல் முற்றும் கோணல், சொல்லிட்டேன்." நான் கணவரைப் பார்த்தேன். அப்போது மட்டும் அவருக்குச் சத்தமில்லாமல் இருக்கத் தெரிந்தது.

அந்த முதல் வாடகை ஒரு கல்யாணம். அடுத்த தெருப் பையன்தான் மாப்பிள்ளை. அவனையும் அவன் வீட்டாரையும் சிவகிரியில் மண்டபத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். பெரிய முகூர்த்த நாள், ஊரில் வேறு வேன் ஒன்றும் மிச்சமில்லை. என்னைத் தேடி வந்ததற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் என்ன? மாப்பிள்ளை என் வண்டியில், தாலி என் வண்டியில்! கல்யாணமே என் ஸ்டியரிங்கை நம்பித்தான் இருக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணத்துக்கு அழைத்திருந்ததால் அத்தையும் கூட வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை. விடியக் காலையில் கோவிலுக்குப் போய்ப் புற்று மண் வாங்கி வந்திருந்தார். எங்கள் ஊர்க் கோவிலில் அதுதான் பெரிய பிரசாதம். நெற்றியில் பூசுவோம், நோய் வந்தால் தண்ணீரில் கரைத்துக் குடிப்போம். அதைக் குழைத்து வண்டியின் கண்ணாடிக்குக் கீழே ஒரு பொட்டு வைத்தார். பிறகு குனிந்து, முன்பக்கத்து நம்பர் தகட்டில் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு. கும்பிட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நடு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த இழுப்பு கடைசி மூன்றின் இடது பக்கத்தில் விழுந்து, அதன் திறந்த வாயை மூடிவிட்டது. மூன்று எட்டாகிவிட்டது. கண்ணாடி போடாத அத்தைக்கு அது தெரியவில்லை. மாப்பிள்ளைக்குக் கதவு திறந்துவிடும் பரபரப்பில் நானும் பார்க்கவில்லை.

புறப்பட்டோம். அடடா, அந்தக் காலை! பின்னால் பெண்கள் குலவை போட்டார்கள். மாப்பிள்ளை, "மயினி, பாட்டு போடுங்க" என்றான். போட்டேன். ஊரைத் தாண்டி ரோடு விரிந்ததும் வண்டி வெண்ணெயாகப் போனது. கொஞ்ச தூரத்தில் ஒரு வளைவில் ஜீப் நின்றது, பக்கத்தில் நாற்காலியில் ஒரு வெள்ளைச் சட்டை, கூட நின்ற ஒரு காக்கிச் சட்டை. பிரேக் இன்ஸ்பெக்டர்! பேர்தான் அப்படி, அவர் பிரேக்கை மட்டுமா பார்க்கிறார்? வரி, பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் கேட்பார். மற்ற டிரைவர்கள் அந்த ஜீப்பைக் கண்டால் வேறு ரோட்டில் திருப்பிவிடுவார்கள். எனக்கோ, நிறுத்தமாட்டார்களா என்று இருந்தது. எல்லாப் பேப்பரையும் கையில் வைத்திருக்கிறவளுக்குத்தான் அந்த ஆசை புரியும்.

நிறுத்தினார்கள். நான் சிரித்துக்கொண்டே இறங்கி ஆர்.சி. புக்கை நீட்டினேன். காக்கிச் சட்டைக்காரர் அதை வாங்கவே இல்லை. வண்டிக்கு முன்னால் நின்று நம்பரைப் பார்த்துக் கையிலிருந்த மிஷினில் தட்டினார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி தட்டினார்.

"சார், இது லாரின்னுல்லா காட்டுது. வரி கட்டாத லாரி. எஃப்.சி.யும் முடிஞ்சிருக்கு."

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். இப்போது அட்டையை வாங்கிப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். அட்டையில் மூன்று, தகட்டில் எட்டு. பின்பக்கம் போனார். அங்கே பளிச்சென்று மூன்று. திரும்பி வந்து இடுப்பில் கை வைத்தார்.

"முன்னால ஒரு நம்பர், பின்னால ஒரு நம்பர். வரும்போது லாரி, போகும்போது வேனாம்மா?"

"சார், என் நம்பர் மூணு சார்!"

"போலி நம்பர் மாட்டுதவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. சாவியக் குடுங்க. வண்டி ஆபீசுக்குப் போகட்டும், அங்க வச்சுப் பேசலாம்."

பாட்டு இன்னும் பாடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. மாப்பிள்ளை ஜன்னலில் தலையை நீட்டி, "சார், தாலி உள்ள இருக்கு சார், முகூர்த்தம் போயிரும்" என்று கெஞ்சினான். நான் சாவியைக் கொடுக்காமல் முன்பக்கத்துக்கு ஓடிக் குனிந்தேன். அப்போதுதான் அந்த மண் கண்ணில் பட்டது. தகட்டில் எழுத்துகள் மேடாக இருக்கும். விரலால் தடவினேன். மூன்று மூன்றாகவே இருந்தது, மேலே காய்ந்த மண்தான் எட்டு.

"சார், தொட்டுப் பாருங்க சார்! இது புத்து மண்ணு!"

இன்ஸ்பெக்டர் குனிந்து தொட்டுப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அதை விழுங்கிக்கொண்டு அதட்டினார். "நம்பர் தகட்டுல ஒண்ணும் பூசக் கூடாதுன்னு தெரியாது? யாரு பூசுனது?"

வேனுக்குள் எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை பேசாமல் இருந்தால் போதும், பழி என் தலையில் விழும். முதல் வாடகையில் வண்டி பிடிபட்டது என்று தெருவே பேசும். சாயங்காலமே வண்டியை விலை பேசிவிடலாம். அவர் கேட்ட கோணல் அவர் கைக்கே வந்துவிட்டது. ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தை இறங்கி வந்தார்.

"நாந்தான் சார் பூசுனேன்."

"வண்டிக்குத் திருஷ்டியாம்மா?"

"வண்டிக்கு என்ன சார், அது இரும்பு. ஓட்டுதவளுக்குத்தான் பூசுனேன். பொம்பள வேன் ஓட்டிட்டுப் போறான்னு ஊர்க்கண்ணு பூரா அவ மேலல்லா கெடக்கு!"

இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர், விடியக் காலையில் கோவில் வாசலில் போய் நின்றது எனக்காகவா? சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அத்தை சீலை முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் தகட்டின் முன்னால் உட்கார்ந்தார். மண்ணைத் துடைத்துக் கீழே சிந்தவிடவில்லை. விரலில் வழித்தெடுத்து, "குனிட்டி" என்று என் தலையைப் பிடித்து இழுத்து, நெற்றி நிறையப் பூசிவிட்டார். "இங்கன இருக்கட்டும். இதுல எந்த மிஷினும் நம்பர் பாக்காது."

காக்கிச் சட்டைக்காரர் மூன்று போட்டு மறுபடி தட்டினார். மிஷினில் வந்ததை இன்ஸ்பெக்டர் சத்தமாக வாசித்தார். உரிமையாளர் என்று என் பேர். வாகனம், வேன். வரி, கட்டியாயிற்று. பெர்மிட், சரி. வேனுக்குள்ளிருந்து மறுபடி குலவை கிளம்பியது. அரசாங்கத்து ஜீப்புக்கு முன்னால் நின்று என் பேரை ஒருவர் அப்படி வாசிப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"போயிட்டு வாங்கம்மா. இனிமே பொட்டெல்லாம் கண்ணாடியோட நிக்கட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினேன். அத்தை நடு சீட்டுக்குப் போகவில்லை. முன்கதவைத் திறந்து, என் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் மாமாவை "வே, பின்னால போவும்" என்று எழுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

"ஏட்டி, அன்னா புளியங்குடி பஸ்ஸு வருது. அவன நம்மள முந்த உட்றாத. எடு வண்டிய!"