கோடு பூஜ்யத்தைத் தொடும் மணி

எங்கள் தீவின் சுகாதார நிலையத்தில் தொண்டு ஊழியராக இருக்கும், நாங்கள் அக்கா என்ற பொருளில் மனாங் என்று அழைக்கும் பெர்பெத்துவாவுக்கு நாற்பத்தாறு வயதில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஆசை வந்தது. சனிக்கிழமைதோறும் முதியோர் வகுப்பு. ஒரு தடவை அவர் நோட்டை எட்டிப் பார்த்து, "என்னக்கா, இந்தக் கோடு போட்டா மீன் விழுமா?" என்று கேலி செய்தவன் நான்தான். "கோடு எந்த இடத்துல அச்சை வெட்டுதுன்னு கண்டுபிடிக்கணும்டா. மூணு வாரமா என் உயிரை வாங்குது" என்றார்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் என் மனைவி இமெல்டிட்டாவுக்கு நிமோனியா. விடிந்ததும் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நர்ஸ் அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தார். கடல் கொந்தளித்ததால் எங்கள் சிறு படகுகள் எதுவும் இறங்கவில்லை. அக்கரை ஆஸ்பத்திரி டாக்டர் போனில் சொன்னபடி, ஏழு மணிக்கு மனாங் ஆக்சிஜனைத் திறந்துவிட்டார். பெரிய படகு மூன்று மணிக்கு வந்து அவளை ஏற்றிக்கொள்ளும் என்றார்கள்.

திறந்த பதற்றத்தில் சிலிண்டரின் அழுத்தமானி முள்ளை அவர் பார்க்கவில்லை. எட்டு மணிக்குப் பார்த்தபோது ஆயிரம். எட்டரைக்குத் தொள்ளாயிரம். ஒன்பதுக்கு எண்ணூறு. மருந்துப் பதிவேட்டின் பின்பக்கத்தில் கீழே மணியையும் பக்கத்தில் முள்ளின் எண்ணையும் எழுதி மூன்று புள்ளி வைத்தார். ஸ்கேலை வைத்து இழுத்தார். கோடு கீழே இறங்கி, ஒரு மணியில் பூஜ்யத்தைத் தொட்டது. உடனே போனை எடுத்தார்.

"டாக்டர், ஒரு மணிக்குத் தீர்ந்துடும். மூணு மணிப் படகு ஆகாது."

"புது சிலிண்டர்தானே? சாயங்காலம் வரைக்கும் தாங்குமே."

மனாங் ஸ்கேலைப் பின்னோக்கி வைத்து, கோட்டை ஏழு மணி வரை நீட்டினார். அது ஆயிரத்து இருநூறில் போய் முட்டியது. "புதுசுன்னா ரெண்டாயிரம் இருக்கணும். நான் திறக்கும்போதே ஆயிரத்து இருநூறுதான் இருந்திருக்கு. யாரோ ஏற்கெனவே எண்ணூறு எடுத்திருக்காங்க."

"அளவைக் குறைச்சிடாதீங்க. படகை இப்பவே கிளப்பச் சொல்றேன்" என்றார் டாக்டர்.

நான் சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். "எழுந்திரு. போய்க் கடலைப் பாரு, படகு தெரிஞ்சா கத்து" என்று மனாங் விரட்டினார். பன்னிரண்டு நாற்பதுக்குக் கத்தினேன். இமெல்டிட்டாவைப் படகில் ஏற்றி, அதில் வந்த சிலிண்டருக்குக் குழாயை மாற்றும்போது பழையதன் முள் கிட்டத்தட்ட அடியில் கிடந்தது.

ஒன்பதாம் நாள் அவள் நடந்தே கரையிறங்கினாள். அன்று மாலையே கணவாய்க் கருவாட்டுடன் மனாங் வீட்டுக்குப் போனேன். "அன்னிக்கு உங்க நோட்டைப் பார்த்து நான் கேலியா பேசினதை மனசுல வச்சுக்காதீங்க அக்கா" என்றேன்.

"என்னிக்குடா பேசின?" என்றார். நிஜமாகவே அவருக்கு நினைவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் இமெல்டிட்டா தேங்காய்ப்பாலில் வெந்த அரிசிப் பணியாரத்தை வாழையிலையில் சுற்றி அவருக்கு எடுத்துப் போகிறாள். சர்க்கரை கம்மி என்று மனாங் ஒவ்வொரு வாரமும் குறை சொல்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு என் மனைவி சிரித்தபடி வீடு திரும்புகிறாள். எனக்கு அது போதும்.