ஒரு ‘ங்க’ செய்த வேலை

பேசாமல் இருப்பது எனக்குப் பிறவியிலேயே வராது. பீளமேட்டில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். என் வகுப்பில் என் குரலைத் தவிர வேறு குரல் கேட்டதே கிடையாது என்று பழைய மாணவர்கள் இன்றும் கேலி செய்வார்கள். மகளின் பிரசவத்துக்கு இங்கிலாந்து போன இடத்தில், பக்கத்து வீட்டம்மா கூட்டிப் போன குவேக்கர் என்ற கிறித்துவப் பிரிவினரின் கூட்டம் எனக்குப் பிடித்துப்போய், ஊருக்குத் திரும்பியும் அதை விடவில்லை. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எங்கள் வழிபாட்டில் பூசாரியும் இல்லை, பாதிரியாரும் இல்லை, பாட்டும் இல்லை. ஞாயிறு காலை என் வீட்டு ஹாலில் ஆறு பேர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஒரு மணி நேரம் மௌனமாக உட்கார்ந்திருப்போம். உள்ளிருந்து ஏதாவது உந்தினால் மட்டும் ஒருவர் எழுந்து நாலு வார்த்தை சொல்வார். எனக்கு வாரா வாரம் உந்தியது. வந்தது வாய்க்கொழுப்பு என்று புரிய மூன்று மாதம் ஆயிற்று.

என் நாத்தனார் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, “சும்மா ஒக்காந்திருக்கறதுக்கா இவங்கெல்லாம் பெட்ரோல் போட்டுட்டு வாராங்க?” என்று கேட்டார். காபி கொடுத்து அனுப்பி வைத்தேன்.

ஒரு ஞாயிறு, மௌனம் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர் ஒரு விஷயம் சொன்னார். அந்தக் காலத்துக் குவேக்கர்கள் ராஜாவையும் வண்டிக்காரரையும் ஒரே சொல்லால்தான் அழைத்தார்களாம். எல்லோருக்குள்ளும் இருப்பது ஒரே ஒளி என்றால் பேச்சில் மட்டும் எதற்கு உயர்வு தாழ்வு என்பது அவர்கள் வாதம். எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. நம் கொங்குப் பேச்சில் அந்த வேலையை ‘ங்க’ எப்போதோ முடித்துவிட்டதே என்றேன். பால்காரருக்கும் ங்க, பஸ் கண்டக்டருக்கும் ங்க, ராங் நம்பரில் வருபவருக்கும் ங்க. ஆனால் அடுத்த வாரத்து மௌனத்தில் ஒரு முகம் என் முன்னால் வந்து நின்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டும் அது போகவில்லை.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது ஓர் அம்மாவும் அவர் கணவரும். அந்த அம்மாவுக்கு என் வயது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பழக்கம். எந்த மரம் காய்ப்புக் குறைந்தது, சொட்டுநீர்க் குழாயில் எங்கே அடைப்பு என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வீட்டில் நான் யாரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பதையும் என் நடையை வைத்தே சொல்லிவிடுவார். அவரோடு சிரிப்பதைப்போல் நான் வேறு யாரோடும் சிரித்ததில்லை. அவர் எனக்கு ‘வாங்க அம்மணி’ சொல்வார், நான் அவருக்கு ‘வா புள்ள’ சொல்வேன். இதை எழுதும்போதுகூட ‘அவள்’ என்று வந்து விழுந்ததை நாலு இடத்தில் அடித்து ‘அவர்’ ஆக்கியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை தோப்பில் காரை விட்டு இறங்கியதும் ஆரம்பித்தேன். “வாங்க, நல்லா இருக்கறீங்களா? மோட்டார் ரிப்பேருன்னீங்களே, சரி பண்ணிட்டீங்களா?” ஒரே மூச்சில் இத்தனை ங்க. உலகத்தையே திருத்திவிட்ட திருப்தி எனக்கு. அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆச்சுங்க என்று ஒற்றைச் சொல் சொல்லிவிட்டு நகர்ந்தார். அன்று முழுக்க என் பக்கம் வரவில்லை. அடுத்த வாரமும் நான் விடாமல் ங்க போட, இளநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். மூன்றாவது வாரம் வரவேயில்லை. அடுத்த மாதத்திலிருந்து தென்னை நார் மில் வேலைக்குப் போகப்போவதாகத் தன் கணவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். தோப்புக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம். அவர் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அவர் வீட்டுக்கே போனேன். தோப்பிலிருந்து பத்து நிமிட நடைதான். ஆனாலும் இத்தனை வருடத்தில் இரண்டே தடவை போயிருக்கிறேன், இரண்டு தடவையும் வாசலோடு திரும்பியிருக்கிறேன். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர் சுவரோரமாக நின்றார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. வேறு வழியில்லாமல் அவரும் உட்கார்ந்தார். என்ன கோபம் என்று கேட்டேன். வழக்கமாக என்றால் கேள்வியையும் கேட்டுப் பதிலையும் நானே சொல்லிவிடுவேன். அன்று ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் கைகொடுத்தது. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது.

“கோவம் எனக்கில்லீங்க, உங்களுக்குத்தான்,” என்றார் கடைசியில். “ஊட்டுக்கு விருந்தா வர்ற ஒறம்பரைக்குத்தானுங்க வாங்க போங்கன்னு சொல்லுவோம். ஒறம்பரைன்னா ரெண்டு நாள்ல கெளம்பிரோணும். வேலைய விட்டு நிக்கச் சொல்லப்போறீங்கன்னு நெனச்சுப்போட்டேன். அதுக்கு முன்னால நானே போயிரலாம்னு...”

எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை கூடும் என்பது எனக்கு எப்படி மறந்துபோனது? என் வீட்டுக்காரர் என்னை ‘நீங்க’ என்று சொல்கிற நாளில் அடுத்த தெருவரைக்கும் சண்டை கேட்கும். ராஜா, வண்டிக்காரர், ஒளி எல்லாவற்றையும் விளக்கினேன். பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு ங்க வேண்டாமுங்க அம்மணி. நீங்க வா புள்ளன்னா எனக்கு நெம்பப் புடிக்கும். ஆனா உங்க பையன் எங்க ஊட்டுக்காரரப் பேரு சொல்லிக் கூப்புடறாருங்க. அவருக்கு எழுவது வயசாகப் போகுது. மாத்த முடிஞ்சா அத மாத்துங்க.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் மகனுக்கு இப்போது முப்பது வயது. நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்தப் பெரியவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். வா, போ, அதை எடு. நான் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். ஒருமுறைகூட அது என் காதில் உறுத்தவில்லை.

அன்று மாலையே மகனிடம் சொன்னேன். திடீரென்று மாற்றினால் அவரே சங்கடப்படுவார் என்றான். இத்தனை வருடம் அவர் பட்ட சங்கடத்தை நாம் கேட்டோமா என்றேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் கெஞ்சவில்லை.

சனிக்கிழமை அவனாகவே காரில் ஏறிக்கொண்டான். தோப்பில் அந்த அம்மா எனக்கு இளநீர் சீவிக்கொண்டிருந்தார். நார் மில் பேச்சையே எடுக்கவில்லை. பெரியவர் தலையில் மட்டைக் கட்டோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார். என் மகன் இரண்டு முறை தொண்டையைச் செருமினான்.

“வாங்கய்யா, பாரத்த எறக்கி வைங்க,” என்றான்.

பெரியவர் நின்றார். தனக்குப் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.